முள் போட்ட கிணறு

அந்தக் காலையில் நான் முதலில் பார்த்தது முள்ளைத்தான். சவுக்குமேட்டுப் பொதுக் கிணற்றின் வாய்மேல், இந்தப் பக்கச் சுவருக்கும் அந்தப் பக்கச் சுவருக்கும் குறுக்கே, பச்சையாக வெட்டிய ஒரு சீமைக்கருவேலக் கிளை கிடந்தது. ராத்திரி பெய்த மழைத்துளி அதன் இலைகளில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. கிணற்றடியில் ஆள் இல்லை.

ஆள் இல்லாத கிணற்றடியை அந்த ஊரில் நான் பார்த்ததே கிடையாது. விடிந்தால் போதும், குடமும் கயிறும் சண்டையுமாக அந்த இடம் ரெண்டுபடும். யார் வாளி முதலில் இறங்குவது என்பதில் ஆரம்பித்து, யார் மாமியார் யாரை என்ன சொன்னாள் என்பதுவரை எல்லா வழக்கும் அங்கேதான் தீரும், அல்லது தீராமல் மறுநாளைக்குத் தள்ளிப்போகும். அன்று கப்பிகூட அசையவில்லை.

பெண்கள் வரத்தான் செய்தார்கள். இடுப்பில் குடத்தோடு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கிணற்றை நெருங்கியதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் என்னைத் தாண்டிப் போனார்கள். சாவு வீட்டைக் கடக்கிறவர்கள்கூட ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்கள். இவர்கள் பார்க்கவில்லை.

கடைசியாக வந்த பிலோமினாவை மறித்தேன். ஒரு இடுப்பில் குடம், இன்னொரு இடுப்பில் அவள் மகள் ரோசி. அந்த ஊரில் என்னிடம் முதன்முதலில் சிரித்துப் பேசியவள் பிலோமினாதான்.

"என்னா பிலோமினா, கெணத்து மேல ஏன் முள்ளு கெடக்குது?"

"ஒண்ணும் இல்லீங்க நர்சம்மா."

"ஒண்ணும் இல்லாமயா ஊரே வேற பக்கம் போவுது? எங்க போறீங்க எல்லாரும்?"

சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்த மணல்மேட்டைக் கண்ணால் காட்டினாள். "ஊத்துக்குப் போறோம். நீங்க சவரியம்மா அத்தையக் கேளுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

ஊற்று என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உள்ளுக்குள் திக்கென்றது. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கைக்குட்டையும் மார்க்கும்

எழுபதுகளில் ஒரு மழைக்காலம். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், தேதி விஷயத்தில் என் மண்டை எப்போதும் ஓட்டைதான். உப்பு வாருவது நின்று, வரப்பு ஓரத்து உப்பு அம்பாரங்களையெல்லாம் ஓலையால் மூடியிருந்த சமயம் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

நான் பிரம்மதேசத்துக்காரி. நெல்லும் மணிலாக் கொட்டையும் விளைகிற ஊர். நர்ஸ் படிப்பு முடித்த கையோடு மரக்காணம் பக்கத்து உப்பளத் தொழிலாளர் குப்பம் ஒன்றுக்கு என்னைப் போட்டார்கள். அதுதான் சவுக்குமேடு. பிரசவம் பார்க்கத்தான் போனேன். போன இடத்தில் கிராம சுகாதாரக் கணக்கெடுப்பு என்று ஒன்று வந்து, ஹெல்த் இன்ஸ்பெக்டர் தனபாலோடு தெருத் தெருவாகச் சுற்றுகிற வேலையும் என் தலையில் விழுந்தது.

தனபால் தங்கமான மனிதர். மூக்கு மட்டும் ராஜவம்சம். நீலகிரித் தைலம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே ஊருக்கு மார்க் போடுவார். குப்பைக்குழிக்கு இவ்வளவு, சாக்கடைக்கு இவ்வளவு, குடிதண்ணீருக்கு இவ்வளவு. கக்கூஸ் என்ற இடத்தில் வந்து பேனா நின்றுவிடும். ஏனென்றால் ஊரில் அது ஒன்றுகூட இல்லை.

முன்பு ஒரு தடவை பிளாக் ஆபீசிலிருந்து கக்கூசுக்கான சிமென்ட் தட்டுகள் இலவசமாக வந்து இறங்கியிருக்கின்றன. அவற்றைத் தேடிப் போனோம். ஒன்றில் கோழி அடைகாத்தது. இன்னொன்றில் நெத்திலி காய்ந்தது. தனபால் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் நிதானமாகச் சொன்னார்: "இம்மாம் வழவழன்னு இருக்குதுங்க சார். அதுல போயி எப்படிங்க அந்த வேலையச் செய்யறது?" அந்தத் தட்டுகள் கோழிகளிடமிருந்து மீண்டு நிலத்துக்குள் போனது, நான் சொல்லவரும் இந்த மழைக்குப் பிறகுதான்.

ஊர் மொத்தமும் வெளிக்குப் போனது அந்த மணல்மேட்டுக்கு. ஆண்களுக்கு ஒரு சரிவு, பெண்களுக்கு ஒரு சரிவு. அந்தச் சரிவுகள் இறங்கி முடிகிற அடிவாரத்தில்தான் ஊற்று இருந்தது. மணலைக் கையால் தோண்டிய பள்ளம், அவ்வளவுதான். மழைத்தண்ணீர் மணலில் இறங்கி அதில் ஊறி நிற்கும். உப்புக் காற்று வீசுகிற அந்தக் கரையில் அதைவிட இனிப்பான தண்ணீர் கிடையாது.

மேட்டின் உச்சியில் நின்று தனபால் சரிவைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். நான் பார்த்து முதன்முறையாகக் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார்.

"ஏம்மா, ஒரு மழ வந்தா இந்த மேல இருக்கிறதெல்லாம் எங்க போவும்?"

பதில் கீழே பளபளவென்று தெரிந்தது.

ஊற்றுத் தண்ணீரை யாரும் குடிக்கக்கூடாது என்று வீடு வீடாகச் சொன்னோம். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. பொதுக் கிணறு இருந்தது. ஊற்றில் ஆடுகள் குடிக்கும், பெண்கள் துணி அலசுவார்கள்.

பிறகு, தெற்கே கடலோரக் குப்பங்களில் வாந்திபேதி என்று சேதி வந்தது. தனபால் சைக்கிளில் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு வந்து சேர்ந்தார். வாளியில் கரைத்துக் கிணற்றில் இறக்கினோம். நெடி கண்ணைக் கரித்தது. "இன்னிக்கு யாரும் தண்ணி எடுக்காதீங்க, நாளைக்கு எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் காலையில்தான் முள்.

சவரியம்மாவின் நாக்கு

சவரியம்மா உப்பள மேஸ்திரி ஒருவரின் விதவை. அவள் வீட்டு முன்னறையில்தான் நான் குடியிருந்தேன். மகன் புதுச்சேரி மில்லில் வேலை, வார லீவுக்கு வருவான். வீட்டில் அவளும் மருமகள் லூர்துவும்தான். லூர்து அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அதற்கு முன் இரண்டு தங்காமல் போயிருந்தன. மூன்றாவதைக் கையில் வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு என்று சவரியம்மா தினமும் ஒரு தடவையாவது எனக்கு ஞாபகப்படுத்துவாள்.

அந்த அம்மாவின் நாக்குக்கு ஊரில் தனி மரியாதை. பேச்சைச் சொல்லவில்லை, அதற்கும் பஞ்சமில்லை. உப்பளத்தில் கடல் தண்ணீரைக் காயவிட்டு, பதம் வந்ததும் பாத்திக்குத் திறந்துவிட வேண்டும். அந்தப் பதத்தை அவள் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவாள். முதலாளி வைத்திருந்த கண்ணாடிக் கருவி சொன்னதும் அவள் சொன்னதும் ஒன்றாகவே இருக்கும் என்பார்கள். ஊரில் எங்கே கிணறு வெட்டினாலும் முதல் வாய் அவளுக்குத்தான். அவள் "நல்ல தண்ணி" என்று சொன்ன பிறகே மற்றவர்கள் குடத்தை இறக்குவார்கள்.

அந்த ஊருக்குப் பாம்புப் பயம் கிடையாது, பேய்ப் பயம்கூட அவ்வளவாகக் கிடையாது. கிணற்றில் உப்பு ஏறிவிடும் என்ற பயம் மட்டும் எல்லோர் எலும்பிலும் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. நான் போவதற்குப் பல வருஷம் முன்பு ஒரு பெரும்புயலில் கடல் கழுவெளிச் சதுப்பு வழியாக உள்ளே வந்து, ஊரின் பழைய கிணறு உப்பாகிப்போனது. முதலில் ஒரு நெடி அடித்ததாம். பிறகு கரித்ததாம். அப்புறம் அது திரும்பவே இல்லை. பாதி ஊர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வேற்றூருக்கு நடந்தது, பாதி ஊர் குடிபெயர்ந்தே போனது.

உப்பான கிணற்றைச் செத்த கிணறு என்பார்கள். செத்த கிணற்றின் வாயில் முள்ளைப் போட்டுவிட வேண்டும். அதற்குள் எட்டிப் பார்ப்பதோ, அந்தத் தண்ணீரை மறுபடி வாயில் வைத்துப் பார்ப்பதோ கூடாது. பார்த்த வீட்டிலும் ஒரு சாவு விழும் என்று நம்பிக்கை. முள்ளைப் போட்டவர் கைதான் அதை எடுக்கலாம்.

இந்த விவரமெல்லாம் எனக்கு அன்று காலையில்தான் தெரியவந்தது. வீட்டுக்கு ஓடிவந்தேன். வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. சவரியம்மா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். மடமடவென்று குடித்துவிட்டுத்தான் கேட்டேன்.

"ஏம்மா கெணத்துல முள்ளு போட்டீங்க?"

"செத்துப்போச்சு. நேத்து சாயந்தரமே வாயில வச்சுப் பார்த்தேன். கரிச்சிடுச்சு. நெடி வேற அடிக்குது. பழைய கெணத்துக்கும் இப்படித்தான் ஆச்சு. இந்த வாரம் கழுவெளில தண்ணி எதுத்துக்கிட்டு வந்திச்சு, நீங்களும் பார்த்தீங்கல்ல?"

"அது மருந்து வாடைம்மா. ரெண்டு நாள்ல போயிடும். உப்பு இல்ல."

"எனக்கு உப்பு தெரியாதா நர்சம்மா?" கோபமாகக் கேட்கவில்லை. நான் ஏதோ குழந்தைத்தனமாகப் பேசிவிட்டதுபோல இரக்கத்தோடு கேட்டாள். "நீங்க கவலப்படாதீங்க. விடியறதுக்குள்ள ஊத்துக்குப் போயி உங்களுக்குத்தான் மொதக் கொடம் எடுத்தாந்தேன். குடிச்சீங்களே, எப்படி இனிக்குது பாருங்க."

கையிலிருந்த காலிச் சொம்பைப் பார்த்தேன். உண்மையிலேயே இனித்திருந்தது.

வயிறு

பயத்தைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். சொந்த வயிற்றைப் பார்த்துப் பயப்படுவது எப்படி என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஓட முடியாது. கதவைச் சாத்த முடியாது. அது உங்களோடேயே நடந்து வரும்.

அன்று முழுக்க ஒவ்வொரு சின்ன முறுக்கலுக்கும் எனக்கு வேர்த்தது. பசி வந்தால்கூட இதுதானோ என்று தோன்றியது. படித்தவள், ஊசி போடுகிறவள், ஊருக்குத் தைரியம் சொல்ல வேண்டியவள், மறைவில் போய் நின்று என் வயிற்றை நானே அமுக்கிப் பார்த்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் சொன்னேன். போதாதென்று சவரியம்மா வீட்டு மாதா படத்தையும் கும்பிட்டேன்.

அதைவிடப் பெரிய பயம் லூர்துவைப் பார்க்கும்போது வந்தது. மருமகள் உடம்புக்கு நல்லது என்று சவரியம்மா அவளுக்குச் சொம்பு சொம்பாக ஊற்றுத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். விறகெல்லாம் மழையில் நனைந்து புகைந்தது. சோறு பொங்குவதே பாடாக இருந்த வீடுகளில் குடிதண்ணீர் யார் காய்ச்சப் போகிறார்கள். சவரியம்மா எனக்கு மட்டும் காய்ச்சிக் கொடுத்தாள், கவர்மென்ட்டுக்காரி ஆசைப்படுகிறாளே என்று.

ஆடும் ஆட்களும்

நான் சொல்லி அனுப்பியதும் தனபால் விழுந்தடித்துக்கொண்டு வந்தார். வந்தவருக்கு ஒரு யோசனை. உப்பாக இருந்தால் ஆடு வாய் வைக்காது, நல்ல தண்ணீர் என்றால் குடிக்கும், ஊரே பார்க்கட்டும் என்றார். முள்ளைத் தொடாமல் சந்து வழியாக வாளியை விட்டுக் கொஞ்சம் தண்ணீர் எடுத்தோம். யாருடைய ஆட்டையோ பிடித்து இழுத்து வந்தோம்.

ஆடு முகர்ந்து பார்த்தது. மருந்து நெடி இன்னும் போகவில்லை. தும்மிவிட்டு, இரண்டு எட்டு பின்னால் போய், எங்களைத் திரும்பிப் பார்த்தது. கூட்டத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

அப்படியானால் ஊற்றுக்கும் மருந்து போட்டுவிடுவோம் என்று தனபால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மணல்மேட்டுக்கு நடந்தார். நாங்கள் போய்ச் சேருவதற்குள் அங்கே ஆண்கள் சூழ்ந்து நின்றிருந்தார்கள். உப்பு வாருகிற நீளமான கட்டைகள் அவர்கள் கையில் இருந்தன. ஓங்கவில்லை. சும்மா ஊன்றிக்கொண்டுதான் நின்றார்கள்.

"சார், ஒண்ணக் கொன்னுட்டீங்க. இது ஒண்ணுதான் பாக்கி இருக்குது" என்றார் ஒருவர்.

இன்னொருவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "நர்சம்மா, அது புள்ள பொறக்காம இருக்க கவர்மென்ட்டு போடுற மருந்துன்னு சொல்றாங்களே, நெசமா?"

ஊர் ஊராக ஆட்களைப் பிடித்துப்போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்கிறார்கள் என்று பேச்சு அடிபட்ட காலம் அது. நான் என்ன சொன்னாலும் எடுபட்டிருக்காது. இல்லை என்று சொன்னேன். என் குரல் எனக்கே பொய்போலக் கேட்டது. தனபால் மூட்டையை மறுபடி சைக்கிளில் கட்டினார். கயிற்றில் முடிச்சு விழவில்லை. நான்தான் கட்டிக்கொடுத்தேன்.

"மேல சொல்லி ஆள் கூட்டியாறேன்மா, பத்திரமா இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு மழை வலுத்தது. ரோடு மூழ்கி, அவர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்.

ரோசி

அடுத்த சில நாட்கள் வானம் வெளுக்கவே இல்லை. மணல்மேட்டுச் சரிவில் தண்ணீர் சின்னச் சின்ன வாய்க்காலாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் குடையோடு நின்று அதைப் பார்த்தேன். கீழே பெண்கள் குடம் நிரப்பினார்கள்.

ரோசிக்குக் காலையில் ஆரம்பித்தது. பிலோமினா என்னிடம் சொல்ல வந்தபோது பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. முதலில் பல் முளைக்கிற பேதி என்று நினைத்து விட்டுவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன், அது கிள்ளியபடியே நின்றது. கஞ்சித் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டு ஸ்பூனால் புகட்டினேன். புகட்டப் புகட்ட வெளியே வந்தது. தண்ணி, தண்ணி என்று அந்தக் குழந்தை கையை நீட்டியது. பிலோமினா அதற்குமுன் பாவம், கேட்டபோதெல்லாம் சொம்பிலிருந்து கொடுத்துக்கொண்டேயிருந்திருக்கிறாள்.

வண்டிக்கு ஆள் ஓடினார்கள். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

மாதா கோயில் மணி அடித்தது. எங்கள் ஊரில் சாவுக்குப் பறை அடிப்பார்கள், அதற்கு என் காது பழகியிருந்தது. அந்த ஒற்றை மணி, விட்டு விட்டு, மழைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. சவரியம்மா முக்காடு போட்டுக்கொண்டு பிலோமினா வீட்டுக்குப் போய், அவளை மடியில் சாய்த்துக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருந்தாள். பிலோமினா "அத்த, அத்த" என்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காற்றோடு வந்த நோய் என்றார்கள் பெண்கள். கிணற்றுச் சாவு முதல் பலி வாங்கிவிட்டது என்றார் ஒருவர். நான் பேசினால் யார் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பாட்டில்

மறுநாள் மதியம் லூர்து வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அந்தச் சத்தம் கேட்டதும் நானும் சவரியம்மாவும் ஒரே நேரத்தில் எழுந்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மழை சற்று விட்டிருந்தது. உப்பள முதலாளியின் லாரி ஒன்று ஷெட்டில் நின்றது. டிரைவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, உப்புச் சாக்கு விரித்து அதன்மேல் லூர்துவைப் படுக்கவைத்து மரக்காணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தண்ணீர் ஓடிய ரோட்டில் லாரி நீந்துவதுபோலப் போனது. அவள் நாடியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். அது என் விரலுக்குக் கீழே நழுவி நழுவிப் போனது. கெண்டைக்கால் சதை முறுக்கி அவள் கத்தியபோது, என் வயிற்றிலும் ஒரு வலி சுருண்டு எழுந்தது. இனி நானும்தான் என்று நினைத்தேன். அது வெறும் பயம் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. இரண்டு கையிலும் ஊசி ஏற்றி, இரண்டு கண்ணாடிப் பாட்டிலைத் தொங்கவிட்டார். தண்ணீர் வேகமாக இறங்கியது. ஒன்று தீர்ந்ததும் இன்னொன்று. சவரியம்மா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது.

பொழுது சாய்கிற நேரம் லூர்து கண்ணைத் திறந்து, "அத்த, பசிக்குது" என்றாள். டாக்டர் வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, குழந்தைத் துடிப்பு இருக்கிறது என்றார். நான் வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

திரும்பி வந்தபோது சவரியம்மா கேட்டாள். "நர்சம்மா, அது என்னா தண்ணி? அத்தனையும் ஒடம்புக்குள்ள போச்சே."

"உப்புத் தண்ணிம்மா."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கேலி செய்கிறேனா என்று பார்த்தாள் போலிருக்கிறது.

"நெசமாத்தாம்மா. சுத்தமான தண்ணில அளவா உப்பு. பேதில ஒடம்புத் தண்ணியும் உப்பும் சேர்ந்து போயிடுது. அதத்தான் திரும்ப ஏத்துறாங்க."

பாட்டில் மாற்றும்போது கட்டில் சட்டத்தில் ஒரு துளி விழுந்திருந்தது. அவள் அதை விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். பழக்கம், என்ன செய்வது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணுத்தண்ணிப் பதம்" என்றாள். பாட்டிலை அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி சொன்னாள். "உப்புக்கு ஒரு ருசிதான் நர்சம்மா. அந்தக் கெணத்துல இருந்தது இது இல்ல."

சவரியம்மா விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"கரிச்சது நெசம். நாக்கு எரிஞ்சிச்சு. நெடியக் கேட்டதும் அந்தப் புயல் ஞாபகம் வந்திடுச்சு, ஒடனே உப்புன்னுட்டேன். இன்னொரு வாய் வச்சுப் பார்த்திருக்கணும். பயந்துட்டேன்."

"விடுங்கம்மா. இப்ப முள்ள எடுத்துடுங்க. லூர்து வீட்டுக்கு வந்தா எந்தத் தண்ணியக் குடுப்பீங்க?"

"அது எனக்குத் தெரியாதா?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எடுத்தா அது நல்ல தண்ணின்னு ஆவுது. நல்ல தண்ணின்னா பிலோமினா வீட்டுக்கு நான் எப்படிப் போவேன்? அந்தக் கெணறு நெசமாவே செத்துப் போயிருக்கணும்னு இங்க உக்காந்து மாதாகிட்ட வேண்டிக்கிட்டிருக்கேன். எம் மருமவ கட்டிலுக்குக் கீழ உக்காந்துகிட்டு இதை வேண்டுறேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உப்பு அரித்து அரித்து மரத்துப்போன கை அது, உள்ளங்கை மரக்கட்டைபோல இருந்தது.

கிணற்றடி

லூர்துவை இன்னும் சில நாள் வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் புதுச்சேரியிலிருந்து வந்து துணைக்கு உட்கார்ந்தான். நானும் சவரியம்மாவும் பஸ்ஸில் திரும்பினோம். மழை விட்டு வெயில் அடித்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் பாத்திகள் தண்ணீரால் நிரம்பி வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தன.

இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே கிணற்றடிக்கு நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன். பார்த்தவர்கள் கூடினார்கள். ஊற்றுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அதற்குள் வேறு சில வீடுகளிலும் பேதி கண்டிருந்தது. ஆண்களும் வந்தார்கள். அன்று மணல்மேட்டில் கட்டையோடு நின்றவர்கள் அவர்களில் இருந்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அவள் உப்பு என்று சொல்லிவிட்டால் இன்னும் எத்தனை வீட்டுக்கு மணி அடிக்குமோ என்று பயம். இல்லை என்று சொன்னால் இந்தக் கூட்டம் அவளை என்ன செய்யும் என்று பயம்.

சவரியம்மா காய்ந்துபோயிருந்த கிளையை வெறுங்கையால் பிடித்துத் தூக்கி ஓரமாகப் போட்டாள். கூட்டத்தில் யாரோ "சேசுவே" என்றார்கள். வாளியை இறக்கி இழுத்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தத் தடவை அவசரப்படவில்லை. இன்னொரு வாயும் குடித்தாள். பிறகு வாளியைச் சாய்த்துத் தாகம் தீரக் குடித்தாள்.

"நல்ல தண்ணி" என்றாள்.

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"அன்னைக்கும் நல்ல தண்ணிதான். மருந்து நெடிய நான் உப்புன்னு சொல்லிட்டேன். சாவல இது. நாந்தான் தப்பாச் சொன்னேன்."

கூட்டம் விலகியது. பின்னாலிருந்து பிலோமினா வந்தாள். ஒரு இடுப்பில் குடம். இன்னொரு கை என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சவரியம்மாவுக்கு எதிரில் வந்து நின்றாள். கத்துவாள், அடிப்பாள், குடத்தைத் தூக்கி எறிவாள் என்றெல்லாம் நினைத்தேன். அவள் மெல்லத்தான் கேட்டாள்.

"அப்ப எம் பொண்ணுக்கு நான் குடுத்தது என்னா?"

எனக்குப் பதில் தெரியும். மழை, சரிவு, மணல், கிருமி என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வரிசையாகத் தெரியும். சவரியம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் கையிலிருந்த வாளி சாய்ந்து தண்ணீர் காலில் சிந்தியது.

பிலோமினா குடத்தைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தாள்.

"ஊத்துங்க" என்றாள்.

சவரியம்மா ஊற்றினாள். குடம் நிரம்பி வழிந்தது. பிலோமினா அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகக் குடத்தைச் சுவர்மேல் வைத்தார்கள்.

தை மாதம் லூர்துவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. என் கையால்தான் வாங்கினேன். பிலோமினா வந்து பார்த்துவிட்டு, குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டுப் போனாள். அந்த ஊரில் நான் இருந்த காலம் முழுக்க அவள் தினமும் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தாள். ஆனால் சவரியம்மாவை அத்தை என்று அவள் அதன்பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை.